பிரெஞ்சு பயில்வோர்க்குத் தமிழ் துணையாதல்

அன்றாடப் பிரெஞ்சுத் தொடர்களை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே பயில்வோர் ஒரு வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். ‘வியேன் இசி’, ‘வெனே இசி’ ஆகிய இரண்டையும் ஆங்கிலம் ‘கம் ஹியர்’ என ஒன்றாக்கிவிடும். தமிழோ ‘இங்கே வா’, ‘இங்கே வாருங்கள்’ எனப் பிரித்துணர்த்தும். பிரெஞ்சில் ‘தூ’ என்பது நீ, நெருங்கியோர்க்கு உரியது. ‘வூ’ என்பது நீங்கள். பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது.

துரைமார் தொழிலாளரை ஒருமையில் ஏவிய கொட்டகலைத் தோட்டங்கள் இவ்வேறுபாட்டின் கனத்தை அறியும். 19ஆம் நூற்றாண்டில் சின்னத்துரைமாருக்கென வெளிவந்த தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’. அழைக்கும் சொல்லிலேயே மதிப்பும் அடங்கியிருத்தலின், மலையக மாணவர் தம் சொற்பட்டியலில் ஆங்கிலப் பொருளுக்கு அருகே தமிழ்ப் பொருளையும் எழுதிப் பயிலுதல் வேண்டும் என நாம் கருதுகிறோம்.