பேக்கப் ஏஜென்டின் நாள்வழியைப் படிக்கிறீர்களா?

ஏஜென்ட் என்றதும் கமிஷன் கேட்டு வருபவர்தான் வணிகர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவார். கணிப்பொறியில் வேறொரு ஏஜென்ட் உண்டு. கடை பூட்டிய பிறகு, அன்றைய கணக்கை இன்னொரு ஹார்டு டிஸ்கிலோ சர்வரிலோ பிரதி எடுத்து வைக்கும் சிறு புரோகிராம் அது. செய்த வேலை, செய்ய முடியாமல் போன வேலை இரண்டையும் தேதி, நேரத்துடன் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்புக்கு 'லாக்' என்று பெயர். நம் வழக்கில் சொன்னால், நாள்வழி.

நல்லம்பள்ளியில் எங்கள் மளிகைக் கடையில் இந்த லாக் கோப்பை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தைக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தோம். எடுத்துப் பார்த்தால் கடைசிப் பிரதி 41 நாட்களுக்கு முந்தியது. பிரதி டிஸ்க் நிரம்பி வழிந்திருந்தது. ஏஜென்ட் இரவு தவறாமல் "இடம் இல்லை" என்று எழுதியிருக்கும். எழுதிய லாக்கும் செத்துப்போன அதே டிஸ்கில்!

கொள்முதலை ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி பட்டியலைப் பார்த்து மீட்டோம். கடன் பாக்கிக்குத் துண்டுச் சீட்டும் ஞாபகமும்தான். சிலர் தாங்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். மற்றவர்களைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஆகவே லாக்கின் ஒரு பிரதி வேறு டிஸ்கில் விழும்படி முதலில் மாற்றச் சொல்லுங்கள். அடுத்தது அளவு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவு வழக்கமாக 20 எம்.பி. வரைதான் பிடிக்கும், நிறைந்ததும் பழைய வரிகளின் மேலேயே எழுதும். இதற்கு நேர்மாறான புரோகிராம்களும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் பேக்கப் ஏஜென்ட், இத்தனை நாள் போதும் என்று நாம் குறிப்பிடாவிட்டால் லாக்கைக் கழிக்காமல் வளர்த்துக்கொண்டே போகும். சிறு கடைக்கு மூன்று மாத லாக் போதும் என்பது என் எண்ணம். எவ்வளவு விவரமாக எழுத வேண்டும் என்றும் அமைக்கலாம். எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் ஆயிரம் வரிக்கு நடுவே பிழை ஒளிந்துகொள்ளும். பிழையும், வேலை முடிந்ததா என்ற ஒரு வரியும் இருந்தால் போதும்.

கணக்கு மென்பொருளின் திருத்தப் பதிவு வேறு சமாச்சாரம். அதில் கை வைக்காதீர்கள். கணக்கைக் கணிப்பொறியில் வைத்திருப்பவர், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் வைக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 56(8). பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறது விதி 57. ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கோ, நிறுத்த முடியாத திருத்தப் பதிவு உள்ள மென்பொருளே 1-4-2023 முதல் கட்டாயம். டேலிபிரைமின் 'எடிட் லாக்' பதிப்பில் அதை அணைக்க முடியாது. சாதாரணப் பதிப்பில் நாம்தான் இயக்க வேண்டும். "அணைத்துவிட்டால் வேகமாக ஓடும், சார்" என்று யாராவது சொன்னால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்கள் கடையில் இப்போது கல்லாவைத் திறக்குமுன் பையன் முந்தின இரவின் வரியைப் படித்து, நாட்காட்டியில் டிக் போடுகிறான். போன மாதம் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. இரவு மின்சாரம் இல்லை. மறுநாள் காலையில் கையால் பிரதி எடுத்தோம்.