எலும்பும் உலோகமும் ஒன்றும் விதம்

சொல்லுக்கும் சோற்றுக்கும் துணை நிற்பவை பற்கள். ஆலங்குச்சி, வேப்பங்குச்சி, மிஸ்வாக் என அவற்றைப் பேண நம் முன்னோர் கண்ட வழிகள் பல. இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் முயற்சியும் பழமையானதே. கி.பி. 1013 அளவில் மறைந்த குர்துபா நகர அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்தும் முறையைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் குறித்துள்ளார். ஆயினும் எலும்போடு உறுதியாக ஒன்றும் உலோக வேர் இருபதாம் நூற்றாண்டிலேயே வாய்த்தது.

1952-இல் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் பிரோனேமார்க் என்னும் ஆய்வாளர், இரத்த ஓட்டத்தைக் காண முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியொன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற இயலவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு பிணைத்துக்கொண்டிருந்தது. 1965-இல் அவர் மனிதத் தாடையிலும் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். மருத்துவர்கள் இம்ப்ளாண்ட் என்பதனை நாம் செயற்கைப் பல்வேர் எனலாம்.

எலும்பு அதனை ஏற்பது எங்ஙனம்? பதித்தவுடன் உலோகத்தைச் சூழ்ந்து இரத்தம் உறைகிறது. அவ்வுறைவின் இழைகளைப் பற்றிக்கொண்டு, எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் உலோகத்தை அணுகுகின்றன. ஓரிரு வாரங்களில் ஒழுங்கற்ற இள எலும்பு தோன்றுகிறது. பின்னர், மாதக்கணக்கில், அது அடுக்கடுக்கான உறுதி எலும்பாக மாறுகிறது.

இதனிடையே ஓர் இடர் உண்டு. திருகின் இறுக்கத்தால் முதல்நாள் அமைந்த பிடிப்பு, சூழ்ந்துள்ள பழைய எலும்பு கரையக் கரையத் தளர்கிறது. புதிய எலும்போ இன்னும் முற்றவில்லை. ஏறத்தாழ இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை வேர் நலிந்த நிலையில் இருக்கும். நோயாளிக்கோ வலி அதற்குள் நீங்கியிருக்கும்! வலியின்மையே ஆறியதன் அடையாளம் எனக் கருதிக் கடினமானவற்றைக் கடித்தால், வேர் நுண்ணிதாக அசைந்து, எலும்பு வளரவேண்டிய இடத்தில் வெறும் நார்த்திசு வளரும். பிறகு அவ்வேர் நிலைக்காது.

உலோகத் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து வேர் செய்வது பழகிய முறை. முப்பரிமாண அச்சு என்பது புதிய முறை. இதில் டைட்டானியப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் கதிரால் உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காக வேரை உருவாக்குகின்றனர். நோயாளியின் தாடைக்கேற்ற வடிவில் இதனைச் செய்யலாம். அரை மில்லிமீட்டர் அளவான துளைகளை அமைத்தால் எலும்பு அவற்றினுள்ளும் வளரும். எலும்பினும் பன்மடங்கு விறைப்பான டைட்டானியத்தின் விறைப்பும் துளைகளால் குறையும்.

குறைகளும் உள. முழுதும் உருகாத துகள்கள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கக்கூடும். ஆதலின் நன்கு தூய்மை செய்தல் வேண்டும். சொரசொரப்பான பரப்பு ஈறுக்கு வெளியே தெரிந்தால் கிருமிகள் எளிதில் தங்கும். இவற்றையெல்லாம் முதலில் விலங்குகளிடம் ஆராய்கின்றனர்; எலும்பாய்வுக்கு உலகெங்கும் பயன்படும் விலங்குகளுள் செம்மறியாடும் ஒன்று. செம்மறியினம் ஒன்றிற்கே தன் பெயரை ஈந்த மேச்சேரி மக்களுக்கு இது சுவையான செய்தி.

நட்ட கன்று வேர்பிடிக்குமுன் அதனை அசைத்துப் பார்க்கலாகாது என்பதை இவ்வூர் உழவர் அறிவர். புதிய முறை எலும்பு வளர நல்லிடம் தருகிறது. வளரும் காலத்தை இல்லாமற் செய்வதில்லை. புகையை விலக்கி, சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தி, மருத்துவர் குறித்த மாதங்கள்வரை காத்திருத்தல் நோயாளியின் கடமை. இறைவன் எலும்புக்கு அளித்த ஆறும் ஆற்றலுக்கு நாம் செய்யும் துணை, ‘சபூர்’ என்னும் பொறுமையே.