ஏளனமும் அகவலிமையும்

பசியைப் பொறுத்த மனிதனும் பலர் நடுவே எழுந்த நகைப்பைப் பொறுக்கமாட்டாது வாடுகின்றான். ஆசிரியப் பணியில் யாம் பன்முறை கண்டது இது: விடை பிழைத்தமைக்காக ஒருநாள் நகைக்கப்பட்ட மாணவன், மறுநாள் விடை தெரிந்திருந்தும் கை உயர்த்தான். அவன் இழந்தது அறிவன்று. தன்னைப் பற்றிய உறுதியேயாம். அவ்வுறுதியை எங்ஙனம் மீட்பது?

இவ்வினாவிற்கு ஈழத்துச் சைவமரபு கண்கூடான விடையொன்றை வைத்துள்ளது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் வாழ்ந்து 1915 இல் மறைந்த செல்லப்பா சுவாமிகள், முன்னர் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். கடையிற் சுவாமிகளின் அருளுக்குப் பாத்திரமான அவர், அனைத்தையுந் துறந்து, கந்தல் உடுத்து, தமக்குத் தாமே பேசித் திரிந்தார். ஊரார் அவரை விசரர் என்றனர். அவர் அதனை மறுத்தாரல்லர். தாம் ஞானி என நிறுவ முயன்றாருமல்லர். வணங்க வந்தோரையும் ஏசித் துரத்தினார். புகழை வேண்டாத உள்ளத்தை இகழ் தீண்டாது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

அவரை நாடி வந்தவர்களுள் ஒருவர், 1872 இல் பிறந்து கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதிப் பண்டகசாலைப் பொறுப்பாளராயிருந்தவர். பின்னாளில் யோகர் சுவாமிகள் எனப் போற்றப்பெற்றவர். தேரடியிற் கண்டபோது, 'நீ யார்?' எனும் பொருள்பட அவரைக் குரு அதட்டினார். அதனை அவமதிப்பாகக் கொண்டு திரும்பியிருப்பின், வாழ்வில் அவர் பெற்ற பெரும்பேறு அன்றே கைநழுவியிருக்கும். அவரோ அதட்டலையே உபதேசமாகக் கொண்டார். 1964 இல் மறையும்வரை, கொழும்புத்துறையில் அவர் வாழ்ந்த எளிய குடிலைத் தேடிக் கற்றோரும் கல்லாதோரும் வந்தனர்.

ஏளனத்திற்கு மருந்தும் அவ்வினாவே என்க. இகழப்பட்டது யாது? உடையா, ஊரா, தேர்விற் பெற்ற புள்ளியா? அவையெல்லாம் நம்முடையனவேயன்றி நாமல்ல. இவ்வாறு நின்று வினவுவோன் பதிலுக்கு நகையான். உள்ளங் குமுறவும் மாட்டான். குற்றம் உண்மையாயின் திருத்திக்கொள்வான், பொய்யாயின் விட்டுவிடுவான்.

எனினும், பொறுமை வேறு, கோழைமை வேறு. தனக்கு நேர்ந்த இகழைப் பொறுத்தல் தவமாகலாம். எளியவன் ஒருவன் இகழப்படுங்கால் வாளாவிருத்தல் தவமாகாது. வகுப்பில் எழும் நகைப்பை அடக்குதல் ஆசிரியன் கடன்.

எத்தாளைக் கரையில் வாழும் எமக்கு இவ்வுண்மையை நிலமே உணர்த்துகின்றது. எமது கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒருபால் கடல், மறுபால் களப்பு, இரண்டும் உவர்நீர். இடையிலுள்ள மணலைத் தோண்டினாலோ நன்னீர் ஊறுகின்றது. மணலூடு இறங்கிய மழைநீர், கனங் குறைந்ததாதலின், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மழையின்றி இறைத்துக்கொண்டேயிருப்பின் உப்பு மேலெழும். அகவலிமையும் அத்தகையதே. அன்றாட வழிபாடும் தனித்திருந்து சிந்தித்தலும் அதற்கு மழையாம். அவமதிப்பு நேர்ந்தபின் அதனைத் தேடி ஓடுதல் அரிது. நேருமுன்னரே ஊறவிடுதல் வேண்டும். மாணவர்கள் இளமையிலேயே அவ்வூற்றைக் காத்துக்கொள்வாராக.