மேலகிரிக் காட்டுக்குப் பணம் கொடுப்பவர்களும் கை கொடுப்பவர்களும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. யானையும் நீர்நாயும் முதலையும் வாழும் காடு இது. காவல் வனத்துறையின் பொறுப்பு. துணைக்குத் தன்னார்வலர்களும் உண்டு. பென்னாகரம் பக்கத்து ஆட்கொல்லிகளைப் பற்றி எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் பெயரில் ஒரு அமைப்பு இங்குள்ள மேலகிரி மலைகளில் வேலை செய்கிறது. ஆண்டர்சனும் பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் கேமராவை விரும்பியவர்தான்.

காட்டுக்கு உதவி என்றதும் நம்மவர்களுக்கு மரக்கன்றுதான் நினைவுக்கு வரும். இருக்கிற காட்டுக்கு அதைவிட அவசரமான வேலை உண்ணிச்செடி என்ற களையை அகற்றுவது. அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போய்விடும். அரிவாளால் மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். தரைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுப்பதற்குள் முடிக்க வேண்டும். பழுத்துவிட்டால் கொண்டைக்குருவிகள் விதையைக் காடெங்கும் பரப்பிவிடும். பிறகும் இரண்டு மூன்று வருடம் மரத்தடிகளில் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நன்கொடை பெரும்பாலும் இந்தக் கூலிக்குத்தான் தேவை. ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் இதில் பெரிய பயன் இல்லை.

காட்டோரத்து விவசாயியை யாரும் நன்கொடையாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. 2 குட்டிகள் தப்பின. அதே பகுதியில் கேழ்வரகை யானை தின்ற பிறகும் கம்பியில் கரண்ட் விடாமல் வனத்துறைக்குப் போன் செய்கிற விவசாயி கொடுப்பது சின்னத் தொகை அல்ல. அவருக்குப் பயிர் இழப்பீட்டு மனுவை எழுதிக் கொடுப்பது, அது எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிப்பது போன்றவற்றைப் படித்தவர்கள் காசு செலவில்லாமல் செய்யலாம்.

பணம் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே கிடைக்கும், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. நேரில் வர விரும்பினால் வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு மட்டும் வாருங்கள். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம். எந்த அமைப்பானாலும் போன வருடத் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். மூன்று வருடம் முன்பு உண்ணிச்செடி எடுத்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். கணக்கையும் இடத்தையும் காட்டத் தயங்குகிற அமைப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.