ஐந்து நாள் கழித்து எங்கே போவாள்?

டெல்லி லோதி ரோட்டில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு தமிழ்ப் பெண்ணை ஒரு பேச்சுக்கு நினைத்துக்கொள்ளுங்கள். ஜங்க்புரா பக்கம் மதராசி கேம்ப்பில் குடியிருந்தவள். 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். ஏறக்குறைய 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு என்றானது. அதில் ஒன்று இவளுக்கு. வீடு மாறியது, புருஷன் கை நீட்டுவது மாறவில்லை. ஒருநாள் இரவு பதினாலு வயது மகனையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இனி எங்கே போவது?

181-ஐ அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 112. 181-இல் பேசினால், அந்த மாவட்டத்தின் சகி மையத்துக்கு (அடிபட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவம், போலீஸ் உதவி, வக்கீல், ஆறுதல் பேச்சு, தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டிய அரசு மையம்) வழி சொல்வார்கள். 2015 ஏப்ரலிலிருந்து நிர்பயா நிதியில் நடக்கிற திட்டம் இது.

எத்தனை நாள் தங்கலாம்?

அதிகபட்சம் ஐந்து நாள். அதற்குள் வேறு காப்பகத்துக்கு அனுப்புவார்கள் என்பது ஏற்பாடு. பெண் குழந்தை எந்த வயதானாலும் தாயோடு இருக்கலாம். பையனுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு, பதினாலு வயதுப் பையன் அதற்குள் வரமாட்டான். தாய் உள்ளே, மகன் வெளியே. அப்படியென்றால் அவள் என்ன செய்வாள்? பலர் செய்வதைத்தான் செய்வாள். மகனை நினைத்து, அதே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

மற்றப் பெண்களின் பாதுகாப்பை நினைத்து வைத்த விதி அது என்பது புரிகிறது. ஆனால் அந்த விதியை எழுதும்போது, மகனோடு ஓடிவந்த பத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், பக்கத்தில் ஒரு தனி அறையாவது போட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த மையத்தை யார் நடத்துகிறார்கள்?

மாவட்ட மாஜிஸ்திரேட் (நம் ஊரில் கலெக்டர் என்போமே, அவர்தான்) தலைமையில் ஒரு மேலாண்மைக் குழு. போலீஸ் அதிகாரி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், வக்கீல்கள் சார்பில் ஒருவர், மருத்துவ அதிகாரி, சமூக நலத் துறையினர், பாதுகாப்பு அலுவலர் என்று பட்டியல் நீளும். தொண்டு நிறுவனம் போன்ற வெளியாட்களுக்கும் இடம் உண்டு. அந்த மையத்தில் வந்து தங்கிப்போன ஒரு பெண்ணுக்கு என்று ஒதுக்கிய நாற்காலி மட்டும் அதில் கிடையாது. வெளியாள் என்ற முறையில் அப்படி ஒருத்தியைச் சேர்க்கத் தடையும் இல்லை. சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, அவ்வளவுதான்.

‘அதிகாரிகளுக்குத் தெரியாததா அந்தப் பெண்களுக்குத் தெரிந்துவிடும்?’ என்று நீங்கள் கேட்கலாம்.

பீகாரில் முசாபர்பூர் சிறுமியர் காப்பகத்தில் நடந்ததைப் பாருங்கள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த இடம்தான் அது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழு பீகார் காப்பகங்களில் சமூகத் தணிக்கை (கணக்குப் புத்தகத்தோடு நிறுத்தாமல், சேவை பெறுகிறவர்களிடமே போய் விசாரிக்கும் முறை) செய்தது. உள்ளே இருந்த சிறுமிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். அங்கே நடந்த பாலியல் கொடுமை 2018-இல் அந்த அறிக்கையால்தான் வெளியே வந்தது. விசாரித்தது சி.பி.ஐ. வழக்கு டெல்லி சாகேத் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2020-இல் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் ஒருவர், அந்தச் சிறுமிகளைக் காக்க வேண்டிய மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவர். அவர் பார்வையிட்டு எழுதும் குறிப்பில் என்ன இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘சரி, மறுபடி மறுபடி கேட்டால் புண்ணைக் கிளறியதாக ஆகாதா?’

ஆகும், அடித்த கதையைக் கேட்டால். இங்கே பேச்சு அதைப் பற்றியதே அல்ல. ‘போன் எடுத்தவர் உங்கள் மொழியில் பேசினாரா? மையத்துக்கு வர ஆட்டோவுக்குக் காசு இருந்ததா? கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா? எத்தனை பேரிடம் அதே கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது?’ இப்படிக் கேட்பதில் யார் புண்ணும் கிளறப்படாது. பெயர் சொல்லாமலும் பதில் வாங்கலாம். பேச விருப்பமில்லாதவரை விட்டுவிடலாம்.

நேரமில்லை என்பதும் ஒத்துவராத சாக்கு. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழுவுக்கு 80,000 கருத்துகள் வந்தன. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு மாதத்துக்குள், 2013 ஜனவரி 23-இல் அறிக்கை கொடுத்துவிட்டார்கள்.

வேறு நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. காப்பிடம் தேடி வருகிறவர்களுக்கு என்ன தேவை என்று கணக்கெடுத்துத் திட்டம் போட வேண்டும். திட்டத்துக்கு முன் ஒரு குழுவைக் கலந்துகொள்ள வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பேச ஆள் இருந்தே தீர வேண்டும். ‘சார்பில்’ என்பதால் தொண்டு நிறுவன ஆளைப் போட்டு முடித்துவிடவும் இடம் இருக்கிறது. அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் நாட்டிலேயே சிறார் நீதி விதிகள் குழந்தைகள் இல்லத்தின் மேலாண்மைக் குழுவில் குழந்தைகளின் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. குழந்தைக்குக் கொடுத்த நாற்காலியை வளர்ந்த பெண்ணுக்குக் கொடுக்க மட்டும் ஏன் தோன்றவில்லை?

இதனால் உங்களுக்கு என்ன?

நீங்களோ, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணோ உதவி கேட்டுப் போகும் நாளில்தான் இது தெரியும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் (புகாரை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் சேர்க்கும் அரசு ஊழியர்) உங்களிடம் கேட்டு ஒரு படிவம் நிரப்புவார். பெயர் குடும்ப நிகழ்வு அறிக்கை. அதில் எந்த உதவி வேண்டும் என்று கேட்டிருக்கும்: ஆலோசகர், போலீஸ், காப்பகம், மருத்துவம், இலவச வக்கீல். அவசரத்தில் எதையும் விட்டுவிடாதீர்கள். நகல் இலவசம், கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கேட்டது கிடைத்ததா என்று பிறகு பதிவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அதனால் அதை நீங்களே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள்: எப்போது போனோம், யார் இருந்தார், என்ன சொன்னார். நாளைக்கு யாராவது கேட்டாலும், கேட்காமல் நீங்களே சொன்னாலும், அதுதான் ஆதாரம்.

அப்படி ஓர் அலுவலரே இல்லையென்றால்?

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்படாத பகுதிகளில் ஆறு வாரத்துக்குள் நியமிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். நடுவே எத்தனை வருடம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அலுவலர் இல்லை என்றாலும் பாதிக்கப்பட்ட பெண் நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வர வேண்டும் என்கிறது சட்டம்.

சகி மையம் தன்னிடம் வந்த பெண்களைக் கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டாம். டெல்லி அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினால் வேலைக்காகாது, இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர் எழுதித் தர உதவ வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. மதராசி கேம்ப் பெண் போல வீடு மாறியவர் மாவட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நரேலாவில் குடியிருந்துகொண்டு லோதி ரோட்டுப் பக்கத்து அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பம் ஊர்வலம் போகும்.

தனி ஆளின் வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: சகி மைய மேலாண்மைக் குழு சென்ற ஆண்டு எத்தனை முறை கூடியது? கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் கொடுங்கள். மையத்துக்கு வந்த பெண்களிடம் கருத்துக் கேட்டதற்கான பதிவு இருக்கிறதா? அந்தக் கருத்தால் என்ன மாறியது?

முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், மழுப்பலாக வந்தாலும், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அடுத்த முப்பது நாளுக்குள் எழுதலாம். ‘அப்படிப் பதிவு எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முத்திரையோடு வந்த அந்தத் தாளை நகலெடுத்து, நீங்கள் தேதி போட்டு எழுதி வைத்த தாளையும் சேர்த்து, மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் அவர்தான்.