ஒரே வாசலில் ஓர் அரசாங்கம்

வரி செலுத்தவும் பாஸ்போர்ட் பெறவும் வழி தேடி வருகிற பிரஜைக்கு, ஒவ்வோர் இலாகாவும் தன் இஷ்டம்போல் அமைத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான இணையத்தளங்களில் எது தனக்கு வேண்டியது என்று விளங்காமற்போன நிலைமை பிரிட்டனில் இருந்தது. 2010-ஆம் ஆண்டில் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அம்மையார் அரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, அவை யாவும் ஒரே தளத்தில் அடங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பயனாக 2012 அக்டோபர் 17-ஆம் தேதி பிறந்ததே 'கவ் டாட் யூகே' என்னும் தளம். 2014 முடிவதற்குள் 24 அமைச்சகங்களும் 300-க்கு மேற்பட்ட அரசு ஸ்தாபனங்களும் அதில் வந்து சேர்ந்தன.

இத்தனை இலாகாக்களின் எழுத்தையும் ஓர் ஒழுங்கில் நிறுத்துவது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். எழுதுகிற உத்தியோகஸ்தருக்குக் கணினி நிரல் தெரிய வேண்டியதில்லை. தலைப்பு, சுருக்கம், செய்தி என்று படிவத்தில் உள்ள கட்டங்களை நிரப்பினால், விஷயம் தரவுத்தளத்தில் போய்த் தங்குகிறது. அதன் தோற்றமோ வார்ப்புருவில் தனியே இருக்கிறது. ஆகையால் எழுத்தின் அளவை மாற்ற நினைத்தால், வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தியதும் அதைப் பின்பற்றும் பக்கங்கள் அனைத்தும் மாறிவிடுகின்றன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து ஒப்பிய பிறகே பிரசுரிப்பது வழக்கம். அவசரம் நேர்ந்தால் எழுதியவரே வெளியிடலாம் எனினும், அது பிறர் பார்வைக்கு உட்படாதது என்ற குறிப்பை மென்பொருள் பதிந்துவைக்கிறது. இந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் அரசாங்கத்தின் ஒரு தவறான வாக்கியத்தை நம்பி ஓர் ஏழைக் குடும்பம் தனக்குரிய உதவித்தொகையை இழந்துவிடக்கூடும்.

ஆனால் இந்த முயற்சியில் என் உள்ளத்தை அதிகம் கவர்ந்தது புதிய பக்கங்களன்று, பழைய தளங்களின் முகவரிகளை இதை அமைத்தவர்கள் பேணிய விதமே. அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களிலும், நூல்களின் அடிக்குறிப்புகளிலும், மக்கள் குறித்துவைத்த ஏடுகளிலும் பரவிக் கிடந்த அம்முகவரிகள், தளங்கள் மூடப்பட்டதோடு செத்துப்போயிருக்கலாம். அப்படி நேராதபடி, ஒவ்வொன்றும் பொருத்தமான புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. பொருத்தமான பக்கம் இல்லாதபோது, அது நீக்கப்பட்டதென்று தெரிவித்து, தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள பிரதிக்கு வழி காட்டப்பட்டது. அட்டவணை போட்டு ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு கதியைத் தீர்மானிக்கும் இந்த வேலையில் புகழ் கிடையாது. பெரிய தளத்தை மாற்றியமைப்போர் பலர் இதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட்டுக் கைவிட்டுவிடுகிறார்கள்.

தளத்தைப் பார்க்க வரும் பெருங்கூட்டத்தைத் தாங்க, பக்கங்களின் பிரதிகளை உலகெங்குமுள்ள சேவையகங்களில் வைத்து வழங்கும் ஏற்பாடும் உண்டு. 2021 ஜூன் 8-ஆம் தேதி அத்தகைய சேவை தரும் ஃபாஸ்ட்லி நிறுவனத்தில் கோளாறு ஏற்பட்டபோது இத்தளமும் சிறிது நேரம் முடங்கிற்று.

பழைய முகவரிகளைப் பேணியதில் கண்ட சிரத்தையைக் காலாவதியான வழிகாட்டிக் குறிப்புகள் விஷயத்திலும் காணலாம். அவற்றில் பலவற்றை அழித்துவிடாமல், இன்ன தேதியில் இன்ன காரணத்தால் விலக்கிக்கொள்ளப்பட்டது என்ற அறிவிப்பைத் தலைப்பகுதியில் பொறித்து, முந்தைய வாசகத்தைக் கீழே அப்படியே விட்டுவைக்கிறார்கள். அன்று எந்த விதியை நம்பி நடந்தோம் என்று பின்னாளில் நிரூபிக்க வேண்டியவருக்கு அந்த வாசகம் சாட்சியாக உதவுகிறது.