சீனாவில் வர்த்தகம்: கையெழுத்து மட்டும் போதாது

சீனச் சந்தையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மக்கள்தொகையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். 1.4 பில்லியன் பேர், அவர்களில் நூற்றில் ஒருவர் நமது பொருளை வாங்கினால் போதும் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். இன்று நான் ஒரு பெயரின் கதையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஐபேட் கருவியை அறிமுகப்படுத்தியது. புரோவியூ என்ற நிறுவனம் அந்தப் பெயரைப் பல நாடுகளில் முன்னரே பதிந்து வைத்திருந்தது. எனவே, ஆப்பிளுக்காகச் செயல்பட்ட ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் 2009ல் புரோவியூவின் தைவான் நிறுவனத்திடம் 35,000 பவுண்டு கொடுத்து உரிமைகளை வாங்கியது. காரியம் முடிந்தது என்று ஆப்பிள் நினைத்தது. ஆனால், சீனாவில் அந்தச் சின்னம் தைவான் நிறுவனத்தின் பெயரில் இல்லை. ஷென்சென் நகரிலிருந்த புரோவியூ நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. ஷென்சென் நீதிமன்றம் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012 தொடக்கத்தில் சில நகரங்களில் அதிகாரிகள் கடைகளிலிருந்து ஐபேட் கருவிகளைப் பறிமுதல் செய்தனர். வழக்கு மேல்முறையீட்டில் இருந்தபோது 60 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது. 2012 ஜூலையில் அது அறிவிக்கப்பட்டது.

வழக்கறிஞர் படையையே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்தக் கதி என்றால், நம்மூர்ச் சிறு வணிகர் எத்தனை எச்சரிக்கையாக இருக்கவேண்டும்!

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்ட மரபில் பழகியவர்கள். ஒரு பெயரைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி நற்பெயர் சேர்த்திருந்தால், பதிவு செய்யாவிட்டாலும் நீதிமன்றத்தில் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே சின்னம் சொந்தம் என்பது அடிப்படை விதி. அங்கு பரவலாக அறியப்பட்ட சின்னங்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். கெட்ட எண்ணத்தோடு, பயன்படுத்தும் நோக்கமின்றிச் செய்யப்படும் விண்ணப்பங்களை நிராகரிக்க 2019ல் சட்டம் திருத்தப்பட்டது. இது நல்ல மாற்றம்தான். ஆனாலும் பிறர் பதிந்ததை நீக்கக் கோரி அலைவதைவிட முன்கூட்டியே பதிவது மலிவு. அரசாங்கக் கட்டணம் ஒரு பொருள் வகைக்குச் சில நூறு யுவான்தான்.

பெயரைச் சீன எழுத்திலும் பதியவேண்டும். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நாம் சீனப் பெயர் வைக்காவிட்டால் வாடிக்கையாளர்களே ஒன்றை வைத்துக்கொள்வார்கள். வேறு யாராவது அதைப் பதிந்துகொள்வார்கள். நியூ பேலன்ஸ் காலணி நிறுவனம் தன் சீனப் பெயராக 'சின் பாய் லுன்' என்பதைப் பயன்படுத்திவந்தது. அந்தச் சின்னத்துக்கு உரிமை கொண்டாடிய ஒருவர் தொடுத்த வழக்கில், 2015ல் குவாங்சோ நீதிமன்றம் 98 மில்லியன் யுவான் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டு மேல்நீதிமன்றம் அதை 5 மில்லியனாகக் குறைத்தது. தொகை குறைந்தாலும் பெயர் கைவிட்டுப் போனது.

அடுத்தது முத்திரை. நம்மூரில் 'சாப்' என்கிறோமே, அதுதான். சிங்கப்பூரில் 2017லிருந்து நிறுவனத்துக்குப் பொது முத்திரை இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை. சீனாவில் நிலைமை வேறு. காவல்துறையில் பதிவு செய்யப்பட்ட அந்தச் சிறு வட்ட முத்திரை ஒப்பந்தத்திலும் வங்கிப் பத்திரத்திலும் அரசாங்க விண்ணப்பத்திலும் நிறுவனமே பேசுவதாகக் கருதப்படும். அதோடு, 'சட்டப் பிரதிநிதி' என்று ஒரே ஒருவரின் பெயர் பதிவேட்டில் இருக்கும். அவர் செய்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் கடனில் சிக்கினால், அவர் சீனாவை விட்டு வெளியேறவே தடை விதிக்கப்படலாம். 'பேருக்குத்தானே' என்று இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இவை இரண்டும் ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும்? கணினிச் சில்லு வடிவமைப்பில் பெயர்பெற்ற பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துக்குச் சீனாவில் ஒரு கூட்டு நிறுவனம் உண்டு. அதன் தலைவரை நீக்க 2020 ஜூனில் இயக்குநர் சபை வாக்களித்தது. அவரோ விலக மறுத்தார். முத்திரை அவரிடம் இருந்தது. பதிவேட்டிலும் அவர்தான் சட்டப் பிரதிநிதி. இயக்குநர் சபையின் தீர்மானம் வெறும் காகிதமாகக் கிடந்தது. 2022 ஏப்ரலில் ஷென்சென் அதிகாரிகள் புதிய சட்டப் பிரதிநிதியைப் பதிவு செய்த பிறகே சிக்கல் அவிழத் தொடங்கியது. முத்திரையை யார் பூட்டி வைப்பது, யார் கையொப்பம் இருந்தால் வெளியே எடுப்பது என்பதை முதல் நாளிலேயே எழுதி வைப்பது நல்லது.

உள்ளே நுழையும் அனுமதியைப் பொறுத்தவரை, பழைய கெடுபிடிகள் பெரிதும் தளர்ந்துவிட்டன. 1979ல் தொடங்கி வந்த மூன்று தனித்தனிச் சட்டங்களுக்குப் பதிலாக ஒரே வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் 2020 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தடை அல்லது கட்டுப்பாடு உள்ள துறைகள் ஒரு பட்டியலில் இருக்கும். அதில் இல்லாத துறைகளில் உள்ளூர் நிறுவனங்களைப் போலவே வெளிநாட்டவரும் தொழில் தொடங்கலாம். 2024 நவம்பரில் நடப்புக்கு வந்த பட்டியலில் உற்பத்தித் துறைக் கட்டுப்பாடு ஒன்றுகூட இல்லை. உணவுப் பொருள் ஏற்றுமதி செய்வோருக்கு மட்டும் ஒரு சொல்: உங்கள் தொழிற்சாலை சீனச் சுங்கத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். 2022லிருந்து இந்த விதி பெரும்பாலான உணவு வகைகளுக்கும் விரிவாகியிருக்கிறது.

பெய்ஜிங் சம்மதித்துவிட்டது என்பதற்காக உள்ளூர் அதிகாரிகளும் நம் பக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரர்களுக்கு இது பழைய பாடம். 1994ல் இரு அரசாங்கங்களின் ஆதரவோடு தொடங்கிய சூசோ தொழிற்பேட்டையில் சிங்கப்பூர்த் தரப்புக்கு 65 விழுக்காட்டுப் பங்கு இருந்தது. சூசோ நகராட்சியோ தனக்குச் சொந்தமான இன்னொரு தொழில்வட்டாரத்துக்கு முதலீட்டாளர்களை அழைத்துக்கொண்டிருந்தது. 2001ல் சிங்கப்பூரின் பங்கு 35 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் அந்தத் தொழிற்பேட்டை செழித்தது வேறு கதை.

அண்மை ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் புதுத் தலைவலி தகவல். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 நவம்பர் 1ல் நடப்புக்கு வந்தது. ஷாங்காய்க் கடையின் வாடிக்கையாளர் பட்டியலைச் சிங்கப்பூர்த் தலைமையகத்துக்கு அனுப்புவதும் அதற்கு உட்பட்டதே. கடுமையான மீறலுக்கு 50 மில்லியன் யுவான் அல்லது முந்திய ஆண்டு விற்பனை வருவாயில் 5 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். 2024 மார்ச்சில் விதிகள் தளர்த்தப்பட்டன. ஆண்டுக்கு 100,000 பேருக்கும் குறைவானவர்களின் சாதாரணத் தகவல்களை அனுப்புவோருக்குச் சிறப்பு அனுமதி நடைமுறைகள் தேவையில்லை என்பதால் சிறு நிறுவனங்கள் சற்று மூச்சு விடலாம்.

சரி, தகராறு வந்துவிட்டால்? 'சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரு நாடுகளும் நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதால், சிங்கப்பூர் நடுவர் தீர்ப்பைச் சீனாவில் நிறைவேற்ற வழி இருப்பது உண்மையே. ஆனால், நீங்கள் ஷாங்காயில் தொடங்கும் நிறுவனம், முதல் முழுக்க உங்களுடையதாக இருந்தாலும், சட்டப்படி சீன நிறுவனம். அது இன்னொரு சீன நிறுவனத்தோடு செய்யும் உள்ளூர் ஒப்பந்தத்துக்கு வெளிநாட்டு நடுவர் மன்றத்தைக் குறிப்பிட்டால், சீன நீதிமன்றம் பொதுவாக அதை ஏற்காது. சீமென்ஸ் வழக்கில் 2015ல் ஷாங்காய் நீதிமன்றம் சிங்கப்பூர்த் தீர்ப்பை ஏற்றது. அங்கே இரு தரப்பும் ஷாங்காய்த் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் பதிவான, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவது சிங்கப்பூர் நிறுவனமா, அதன் ஷாங்காய் நிறுவனமா என்பதை முடிவு செய்த பிறகே வழக்கறிஞரிடம் அந்த வரியை எழுதச் சொல்லுங்கள்.